வின்சென்ட் டி ரொசாரியின் வேலைக்காரி

செவ்வாய்க்கிழமை காலையில் மூழ்கிய படகு, உலகத்துக்கு வியாழக்கிழமை மத்தியானம்தான் மூழ்கியது. நடுவில் இரண்டு நாள் அது எங்கே இருந்தது என்று வாய்தோரா துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீரிணைக்கு நடுவே, இருபது ஆள் ஆழத்தில், எண்பத்து நாலு பேரை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்தது. உலகத்துக்கு மட்டும் அது இன்னும் கயிறு அவிழ்த்துப் புறப்படவே இல்லை.

அது புனித வாரம். ப்ளோரஸ் தீவின் கிழக்குக் கோடியில், பெரிய வெள்ளிக்குச் சொந்த ஊர் வந்து சேராதவனை யாரும் மனுஷனாக மதிக்க மாட்டார்கள். அதனால் ஐம்பது பேர் ஏற வேண்டிய படகில் தொண்ணூற்றெட்டுப் பேர் ஏறியிருந்தார்கள். கூடவே அரிசி மூட்டைகள், ஆறு மோட்டார் சைக்கிள்கள், எங்கள் ஊர் யொவித்தாவின் புருஷன் வின்சென்ட் டி ரொசாரி ஈஸ்டர் விருந்துக்காக எதிர்த்தீவில் வாங்கிய ஏழு பன்றிகள். படகு கவிழ்ந்ததும் பன்றிகள் ஏழும் நீந்திக் கரையேறின. மனிதர்களில் பதினாலு பேர்தான் பிழைத்தார்கள். அந்தப் பதினாலில் ஒருத்தி கிளாரா.

கிளாரா வெள்ளைக்காரி. மூச்சு விடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் தொழில் செய்பவள். ஒன்பது பேரைத் தூக்கிப் போட்ட மீன்பிடி வள்ளம்தான் பத்தாவதாக அவளையும் தூக்கிப் போட்டது. கணுக்கால் சுளுக்கு. பாவம், அவள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கரையேறியதும் மற்றவர்கள் எங்கே என்றுதான் முதலில் கேட்டாள். அதை யாரும் ஒளிபரப்பவில்லை. வியாழக்கிழமை யாரிடமோ இரவல் போன் வாங்கி அம்மாவைக் கூப்பிட்டாள். அப்போதுதான் உலகத்தில் படகு மூழ்கியது.

வெள்ளிக்கிழமை ‘உலகின் மனசாட்சி’ தொலைக்காட்சி வந்து இறங்கியது. அது அந்தத் தொலைக்காட்சியின் பெயர்தான், நான் வைத்ததல்ல. பின்னாலேயே ஹெலிகாப்டர் வந்தது, கடற்படைக் கப்பல் வந்தது, மாவட்டத் தலைவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். துறைமுகத்துக் காப்பிக்கடை டிவியில் ஊரே கூடி நின்று பார்த்தது. கிளாராவின் கணுக்கால் முன்பக்கத்திலிருந்து வந்தது, பக்கவாட்டில் வந்தது. கிளாராவின் பள்ளிக்கூட டீச்சர் அழுதார். கிளாராவின் நீலப் பை இன்னும் கிடைக்கவில்லை என்று ஒருவர் வரைபடம் வைத்து விளக்கினார். திரையின் அடியில் ஓடிய எழுத்தில், பங்குச் சந்தைக்கும் டென்னிஸுக்கும் நடுவில், ‘மேலும் சிலரும் காணவில்லை’ என்று ஒரு வரி ஓடியது. அந்த மேலும் சிலர்தான் எங்கள் எண்பத்து நாலு பேர்.

சனிக்கிழமை நீலப் பை கிடைத்தது. சாயங்காலம் கிளாராவை விமானத்தில் ஏற்றினார்கள். ஞாயிறு ஈஸ்டர் காலை ஹெலிகாப்டரும் போயிற்று. கடல் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது, இனித் தேட வேண்டியதில்லை என்று மாவட்டத் தலைவர் கோவில் வாசலில் அறிவித்தார். அதுவரை கிடைத்த உடல்கள் ஆறு.

யொவித்தாவின் வீட்டு முன்வாசலில் குழி தோண்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் செத்தவர்கள் வீட்டு முன்னாலேயேதான் படுத்திருப்பார்கள். வருகிறவன் போகிறவன் அவர்கள்மேல் உட்கார்ந்து காப்பி குடிப்பான். தப்பில்லை. ஆனால் உடல் கிடைக்காதவனுக்கு, வெள்ளைத் துணி சுற்றிய ஒரு தேங்காயை இறக்கி மூடிவிடுவது வழக்கம். கொழுந்தன் தேங்காயோடு வந்து நின்றான். யொவித்தா அதைப் பிடுங்கி அடுப்படியில் எறிந்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் நான் குடும்பம் நடத்தினது தேங்காய் கூடவா? எனக்கு அவர் வேணும். பிணமா இருந்தாலும் அவர்தான் வேணும்” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ஓட்டலுக்குப் போனாள். துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரே ஓட்டலில் மனசாட்சிக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் தலைமை நிருபர் பெயர் ஹார்க்கோர்ட். நெட்டையான ஆள், நல்ல மனுஷன். துக்கக்காரர்களைக் கண்டால் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்துகொள்ளும். மொழிபெயர்க்க, குப்பாங் நகரத்திலிருந்து மெல்டா என்று ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள்.

நீங்கள் போனால் தேடுவதும் போய்விடுகிறது, கேமரா இருந்தால்தான் எங்கள் ஆட்கள் தண்ணீரில் இறங்குகிறார்கள், இன்னும் நாலு நாள் இருங்கள் என்று யொவித்தா கேட்டாள். ஹார்க்கோர்ட்டின் தலை சாய்ந்தது. பையிலிருந்து பளபளப்பான ஒரு புத்தகத்தை எடுத்தார். அதன் பெயர் துயர எடை அட்டவணை.

“எங்களுக்கு இதயம் இல்லைன்னு நினைச்சிடாதீங்கம்மா. இதயம் இருக்கறதாலதான் அட்டவணையே வச்சிருக்கோம். முன்னாடியெல்லாம் அவனவன் மனசுக்குத் தோணினபடி அழுதான். எவ்வளவு அநியாயம் பாருங்க. இப்ப விஞ்ஞானம். எங்க ஊர்க்காரர் ஒருத்தர் செத்தா ஒருத்தர். பக்கத்து நாடுன்னா மூணு பேர் சேர்ந்தா ஒருத்தர். உங்க பக்கம்...” விரல் பக்கத்தின் அடிவரை இறங்கி, தாளைப் புரட்டி, மறுபடி இறங்கியது. “உங்க பக்கம் நானூத்திப் பத்து பேருக்கு ஒருத்தர்.”

“அப்ப எங்க எண்பத்து நாலு பேருக்கு?”

மெல்டா மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். “ஒரு ஆள்ல அஞ்சுல ஒரு பங்குக்கா. முழங்காலுக்குக் கீழ்தான் வரும்.”

கடற்கரை அழகாக இருந்தால் தீவுகளுக்குச் சலுகை உண்டு என்றும், தான் அதற்கும் முயன்று பார்த்ததாகவும், வாய்தோராக் கரை கருங்கல்லாக இருப்பதால் தலைமையகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் ஹார்க்கோர்ட் வருத்தத்தோடு சொன்னார். எங்கள் ஆள் ஒருத்தராவது உள்ளே மிஞ்சியிருந்தால் கடலையே வற்றடிக்கச் சொல்லியிருப்பேன் என்றார். பிறகு மரியாதைக்காக, வாசல்வரை வந்து கைகுலுக்கிக்கொண்டே, காணாமல் போனவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

“வின்சென்ட் டி ரொசாரி.”

கைகுலுக்கல் பாதியில் நின்றது. ஹார்க்கோர்ட் மெல்டாவைப் பார்த்தார். மெல்டா பயணிகள் பட்டியலை எடுத்துக் காட்டினாள். இருந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்த்துக்கீசியன் வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போனதில் எங்கள் கரையில் பாதிப் பேருக்கு டி ரொசாரி, தியாஸ், மொந்தேய்ரோ என்றுதான் பெயர். ஆசாரியும் மொந்தேய்ரோ, மீன்காரியும் மொந்தேய்ரோ. மூன்று நாளாக அந்தப் பட்டியல் மனசாட்சிக்காரர்கள் மேஜையில்தான் கிடந்தது, மேலே காப்பிக் கோப்பை வைத்திருந்தார்கள்.

“ஐரோப்பியர்” என்றார் ஹார்க்கோர்ட் மெதுவாக. அவர் கேட்கவில்லை, சொன்னார். அதனால் யொவித்தா பதில் சொல்லவில்லை. அவர் யார், உங்களுக்கு அவர் என்ன உறவு என்று கேட்டதற்கு மட்டும் சொன்னாள். “என் புருஷன். பன்றி வியாபாரம்.” அது பதிவாகியிருக்கிறது, இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம்.

மத்தியானத்துக்குள் ஹெலிகாப்டர் திரும்பி வந்தது. ஒன்றல்ல, மூன்று. கடல் தன் தீர்ப்பை இன்னும் சொல்லவில்லை என்று மாவட்டத் தலைவர் அறிவித்தார்.

சாயங்காலம் காப்பிக்கடை டிவியில் வின்சென்டின் வாழ்க்கை வரலாறு வந்தது. கால்நடைத் துறை முதலீட்டாளர், கீழை நாடுகளின் காதலர், நகரத்து வசதிகளைத் துறந்து எளிய மக்களிடையே வாழ்ந்தவர். அவர் பிறந்ததாகச் சொல்லப்பட்ட ஊர் ஒன்றில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அவரோடு பள்ளியில் படித்ததாக ஒரு வழுக்கைத் தலையர் வந்து, சின்ன வயதிலேயே அவனுக்குப் பன்றிகள்மேல் பரிவு அதிகம் என்றார். போட்டோ கேட்டிருந்தார்கள் என்று யொவித்தா சுவரில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். வின்சென்ட் சுருட்டை முடியும் கறுத்த தோளுமாக, ஒரு பன்றிக்குட்டியைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் படம். தலைமையகத்தில் படப்பிரிவு நிபுணர்கள் மூன்று பேர் அதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். படத்துக்குக் கீழே எழுத்து வந்தது: ‘டி ரொசாரி எடுத்த படம். படத்தில் இருப்பவர் அவருடைய வேலையாள்.’

அதற்கு அடுத்து யொவித்தாவே வந்தாள். ‘என் புருஷன்’ என்று அவள் சொன்னதை அப்படியே போட்டார்கள். அதில் ஒன்றும் ஒளிக்கவில்லை. பிறகு ஒரு மனநல மருத்துவர் தோன்றி, அதிர்ச்சியில் இருப்பவர்கள் தங்களை எஜமானின் மனைவியாகவே கற்பனை செய்துகொள்வது உண்டு, இந்தப் பணிப்பெண்ணின் விசுவாசம் நெஞ்சைத் தொடுகிறது என்று விளக்கம் சொன்னார்.

காப்பிக்கடையில் ஒருத்தன் எட்டி டிவியை அணைத்தான். யொவித்தா எழுந்தாள், செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு ஓட்டலைப் பார்க்க நடந்தாள். மெல்டா பாதி வழியில் ஓடி வந்து மறித்தாள்.

“அக்கா, நியாயமா அந்தச் செருப்படியில பாதியை நானே குடுக்கணும். ஆனா இப்ப அடிச்சீங்கன்னா மூணு ஹெலிகாப்டரும் பொழுது சாயறதுக்குள்ள போயிடும். அண்ணன் கடல்லேர்ந்து வெளிய வரட்டும். அப்புறம் அடிக்கலாம், நான் பிடிச்சுக்கறேன்.”

யொவித்தா செருப்பைக் கீழே போட்டாள். வேலைக்காரி என்று கேட்டபோது வராத அழுகை, அண்ணன் என்று கேட்டபோது வந்தது.

மறுநாள் காலை அவள் வீட்டு முன்னால் வரிசை நின்றது. மார்செலினா தியாஸின் தாய். பெர்னார்டு மொந்தேய்ரோவின் இரண்டு தம்பிகள். ஒரே வீட்டில் மூன்று பேரைக் கொடுத்த கொமெஸ் குடும்பத்துக் கிழவர். எல்லாரும் தங்கள் ஆளின் முழுப்பெயரை, ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ளபடி, தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு தாள். கடைசியாக ரொகாயா வந்தாள். மீன் உலர்த்துகிறவள், மசூதித் தெருக்காரி, வின்சென்டுக்குக் குலத்தில் தங்கை முறை. கையில் தாள் இல்லை.

“என் பையன் பேர் இத்ரிஸ், அண்ணி. அவன் பேர்ல வெள்ளைக்காரன் யாரும் இல்லையே. அவனை யாரு தேடுவா?”

யொவித்தா ஒரு தாளை எடுத்து ‘இத்ரிஸ் டி ரொசாரி’ என்று எழுதினாள். “அவர் மருமகன்தானே? இரவலா வச்சுக்க. வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடு” என்றாள். அதைக் கேட்டு, பெயரில் போர்த்துக்கீசியன் இல்லாத மற்றவர்களும் வரிசைக்கு வந்தார்கள். சொந்தம் இல்லாத வீடு எங்கள் கரையில் ஏது? மத்தியானத்துக்குள் எண்பத்து நாலு பேருக்கும் ஏதோ ஒரு போர்த்துக்கீசியப் பெயர் ஒட்டிவிட்டது. ஏற்கெனவே கிடைத்த ஆறு உடல்களின் வீட்டுக்காரர்கள்கூட, தேடுகிறவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஹார்க்கோர்ட் அந்தக் கட்டைக் கையில் வாங்கியபோது அவர் தலை சாயவில்லை. முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு துயரம் தனக்கு வாய்த்ததில்லை என்று மெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். எண்பத்து நாலு ஐரோப்பியர். அட்டவணைப்படி அது பெரும் போருக்கு அடுத்த வரிசை. படகில் ஏறியதே மொத்தம் தொண்ணூற்றெட்டுப் பேர்தானே, அப்படியானால் உள்ளூர்க்காரர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. உள்ளூர்க்காரர்களை எண்ணும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

அதன்பிறகு நடந்ததை யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஏழு நாடுகளில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. படகுக்கென்று தனியாக ஒரு சோக இசை போட்டார்கள். நம் மக்கள் ஏன் கிழக்கத்திப் படகுகளை நம்புகிறார்கள் என்று நிபுணர்கள் நாலு இரவும் பகலும் விவாதித்தார்கள். ஆழத்தில் இறங்கும் முக்குளிப்பவர்கள் இரண்டு கப்பல் நிறைய வந்தார்கள். வாய்தோராவில் அதுவரை யாரும் பார்த்திராத விளக்குகளையும் குழாய்களையும் கடலுக்குள் இறக்கினார்கள். உடல்கள் வரத் தொடங்கின.

முதல் நாள் ஒன்பது, மறுநாள் பதினேழு. ஒவ்வொன்றையும் கரைக்குக் கொண்டுவந்ததும் ஹார்க்கோர்ட் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அன்றைய செய்தி இப்படி வந்தது: ‘தேடுதலில் தொடரும் பின்னடைவு. ஐரோப்பியரைத் தேடும் பணியில் இன்றும் பதினேழு உள்ளூர்ச் சடலங்கள் குறுக்கிட்டன.’

குறுக்கிட்டவர்களைத் தாய்மார்கள் அடையாளம் கண்டு கட்டிக்கொண்டு அழுதார்கள். கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரொகாயா தன் பையனைக் கண்ட நாளில் யொவித்தா அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தாள். அன்றே மசூதிக்குப் பின்னால் அடக்கம் நடந்தது. பெயரைத் திருப்பிக் கொடுக்கவா என்று ரொகாயா கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றாள் யொவித்தா.

பதினொன்றாம் நாள் வின்சென்டைக் கொண்டுவந்தார்கள். படகின் அடித்தட்டில் இருந்தான். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இடுப்பு வாரை வைத்துத்தான் யொவித்தா கண்டுபிடித்தாள். வலது கையில் சின்னக் கத்தி இறுக்கிப் பிடித்தபடி இருந்தது. கட்டிப்போட்ட ஏழு பன்றிகள் எப்படி நீந்திக் கரையேறின என்று ஊரில் யாரும் அதுவரை யோசிக்கவில்லை. அவற்றின் கழுத்தில் கிடந்தவை எல்லாம் அறுத்த கயிறுகள். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தும் கீழே இறங்கி, ஏழையும் அறுத்துவிட்டுவிட்டு, எட்டாவதாக ஏறி வர அவனுக்கு நேரம் போதவில்லை. முட்டாள் மனுஷா, முட்டாள் மனுஷா என்று யொவித்தா அந்தக் கையை விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஹார்க்கோர்ட் பக்கத்தில் வந்து குனிந்தார். தலை சாய்ந்தது. வார்த்தை வார்த்தையாக மெல்டா மொழிபெயர்த்தாள்.

“மனசைத் தேத்திக்குங்க. வேலையாள் கிடைச்சுட்டார். முதலாளியும் பக்கத்துலதான் எங்கயோ இருக்கணும்.”

யொவித்தா நிமிர்ந்து பார்த்தாள். செருப்பால் அடிப்பது எவ்வளவு சின்னத் தண்டனை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அதுவரை அவளுக்கு வேண்டியது அவன் உடல் ஒன்றுதான். அது கைக்கு வந்துவிட்டது. இனிமேல் அவளுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

பதினாலாம் நாள் வரைக்கும் எழுபத்தொன்பது உடல்கள் வந்துவிட்டன, அஞ்சு பேரை நீரோட்டம் கொண்டுபோய்விட்டது. ஐரோப்பியர் ஒருவரும் கிடைக்காததில் மனசாட்சிக்காரர்களுக்குக் குழப்பம்தான். ஆனால் துக்கத்தை அதற்குமேல் தள்ளிப்போட முடியாது, பார்க்கிறவர்களுக்குச் சலிப்புத் தட்டிவிடும் என்று தலைமையகம் சொன்னது. ஐரோப்பாவிலிருந்து சிறப்புத் துயரத் தூதர் ஒருவர் வருகிறார் என்றார்கள். அப்படி ஒரு பதவி இருக்கிறது. அடக்கத்துக்குக் காத்திருக்கும் உள்ளூர்ப் பெட்டிகளைக் கோவில் மைதானத்தில் வரிசையாக வைத்தால் படத்துக்குப் பின்னணி நன்றாக இருக்கும், அனுமதிப்பார்களா என்று ஹார்க்கோர்ட் கேட்டனுப்பினார்.

தாராளமாக வைக்கலாம் என்று யொவித்தா சொல்லியனுப்பினாள். பிறகு மெல்டாவைத் தனியே கூப்பிட்டு, நேரலை நடக்கும்போது பிடிக்காத எதுவாவது வந்தால் என்ன செய்வார்கள் என்று விசாரித்தாள்.

“சட்டுனு வெட்டிட்டு விளம்பரம் போட்டுடுவாங்க. ஆனா ஒரே ஒரு விதி இருக்கு. அவங்க பெரிய மனுஷர் ஒருத்தர் துக்கத்துல நிக்கறப்ப, அவர் படத்துல இருக்கற வரைக்கும் வெட்டக் கூடாது. முன்ன ஒரு தடவை ராஜா வீட்டுக்காரர் ஒருத்தர் கண்ணைத் துடைக்கறப்ப வெட்டினதுக்கு எட்டுப் பேர் வேலை போச்சு.”

“அவர் படத்துல இருக்கற வரைக்கும்” என்று யொவித்தா திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்று முழுக்க வீடு வீடாகப் போனாள். எல்லாரையும் பெட்டியின் தலைமாட்டுச் சிலுவையில் போட்டோவை மாட்டிவைக்கச் சொன்னாள், ஒரு பிடி வீட்டு மண் கொண்டுவரச் சொன்னாள். இத்ரிஸுக்கும் முன்பே அடக்கமான மற்றவர்களுக்கும், கடலோடு போன அஞ்சு பேருக்கும், பெட்டி இல்லாவிட்டாலும் போட்டோ வைத்தார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கறுப்பு உடையில், துயரத் தூதர் மைதானத்துக்கு வந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது என்பதை மெல்டாதான் சொன்னாள். தூதரின் பேச்சு அரை மணி நேரம் நடந்தது. நன்றாகத்தான் பேசினார். “தூரம் என்பது இதயத்துக்குக் கிடையாது. இந்தக் கடலில் போனவர்கள் எண்பத்து நாலு எண்கள் அல்ல. அவர்கள் என் சகோதரர்கள், என் சகோதரிகள், என் ரத்தம். ஒவ்வொருவர் பெயரும் என் நெஞ்சில் எழுதியிருக்கிறது” என்று முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரலை என்ற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போது யொவித்தா மண் நிரம்பிய தட்டோடு அவர்முன் வந்து நின்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டிக்கு முன்னால் நின்று ஒருவன் செத்தவரை என் ரத்தம் என்று சொல்லிவிட்டால், மண் தூவிப் பெயர் சொல்லி அவன்தான் அனுப்பிவைக்க வேண்டும். அது முடியும்வரை ஒருவரும் கலையக் கூடாது, துறைமுகத்தில் ஒரு படகும் கிளம்பாது. மெல்டா இதை எடுத்துச் சொன்னதும் தூதர் உருகிப்போனார். ஒரு பிடி மண், நல்ல படம். உடனே சம்மதித்து, முதல் பெட்டிக்கு வந்தார்.

“பேர் சொல்லுங்க” என்றாள் யொவித்தா.

தூதர் சிலுவையைப் பார்த்துப் படித்தார். மார்செலினா தியாஸ். மண்ணைத் தூவினார். பிறகு போட்டோவைப் பார்த்தார். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு கறுத்த பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த பெட்டி, பெர்னார்டு மொந்தேய்ரோ. போட்டோவில் உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியார். மூன்றாவதில் ஹார்க்கோர்ட்டுக்கு விளங்கிவிட்டது. ஐந்தாவதில் தூதருக்கு விளங்கிவிட்டது. தலைமையகத்துக்கு எட்டாவதில் விளங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் ஹார்க்கோர்ட் காதிலிருந்த கருவியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். அதற்குள்ளிருந்து ஒருவர் கத்துவது மெல்டாவுக்கே கேட்டது. வெட்டவும் முடியாது, தூதர் படத்தில் நிற்கிறார். தூதரும் விலக முடியாது, உலகம் பார்க்கிறது, என் ரத்தம் என்று சொல்லி அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஹார்க்கோர்ட் யொவித்தாவின் அருகே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். “எங்க ஆளுங்க எங்கே?”

“இவங்கதான். ரெண்டு வாரமா இவங்களுக்குத்தானே அழுதீங்க. இன்னிக்கு என்ன வந்துச்சு, அழுங்க” என்றாள்.

வெயில் ஏறியது. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. நாக்கு பிசகியபோதெல்லாம் யொவித்தா நிறுத்தித் திரும்பச் சொல்லச் சொன்னாள். இத்ரிஸின் போட்டோவுக்கு வந்ததும், “டி ரொசாரி இரவல். இவன் ரொகாயா மகன் இத்ரிஸ். அப்படிச் சொல்லுங்க” என்றாள். தூதர் அப்படியே சொன்னார். தொண்டை காய்ந்து, கறுப்புக் கோட்டில் மண் அப்பி, அறுபதாவது பெயரில் அவர் முழங்கால் போட்டு, மிச்சத்துக்கு முழங்காலாலேயே நகர்ந்து போனார். அது பார்க்க மரியாதையாக இருந்ததால் அங்கேயும் வெட்ட முடியவில்லை. அந்த எண்பத்து நாலு பேரின் பெயர்களும், உலகத்தின் பெரிய நகரங்களில் எல்லாம், இரவென்றும் பகலென்றும் பார்க்காமல், வீட்டுக்கு வீடு ஒலித்தன.

கடைசிப் பெட்டி, யொவித்தாவே வேண்டுமென்று கடைசிக்கு வைத்தது. சிலுவையில், பன்றிக்குட்டியைத் தூக்கிப் பிடித்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் அதே படம்.

“வின்சென்ட் டி ரொசாரி” என்றார் தூதர். இந்த முறை நாக்கு பிசகவில்லை.

“யாரு அவர்?”

தூதர் ஹார்க்கோர்ட்டைப் பார்த்தார். ஹார்க்கோர்ட் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார். “பன்றி வியாபாரி” என்றார் தூதர்.

“யாரோட புருஷன்?”

தூதர் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். “உங்களோட” என்றார்.

“எனக்குப் பேர் இல்லையா?”

ஹார்க்கோர்ட் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் புரட்டினார், பின்னாலிருந்து முன்னால் புரட்டினார். பதினஞ்சு நாளில் உலகத்தில் பாதிப் பேர் அவள் முகத்தைப் பார்த்திருந்தார்கள். புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வேலைக்காரி என்று மட்டும் எழுதியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நாலு நிமிஷம் உலகத்தின் மனசாட்சியில் சத்தம் எதுவும் இல்லை, மைதானத்தின் ஓரத்தில் ஒரு குழந்தை இருமியதைத் தவிர.

கடைசியில் தூதர்தான் கேட்டார், மெல்லக் கேட்டார். “உங்க பேர் என்னம்மா?”

“யொவித்தா” என்றாள் அவள். “இப்பத்தான் கேக்கத் தெரிஞ்சிருக்கு.”

தட்டில் மண் தீர்ந்திருந்தது. ரொகாயா தன்னுடையதை நீட்டினாள். யொவித்தா அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, முழங்காலில் நின்ற தூதரின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

“எழுந்திருங்க. முதல் பெட்டியிலேர்ந்து திரும்பவும் வரணும். இந்தத் தடவை ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்துலயும் யாரு அழுதுக்கிட்டு நிக்கறாங்கன்னு பாருங்க. அவங்க பேரையும் கேட்டுக் கேட்டுச் சொல்லுங்க.”

தூதர் எழுந்தார். மார்செலினாவின் தாய் காத்துக்கொண்டிருந்தாள். ஹார்க்கோர்ட் கேமராக்காரரைக் கூட்டிக்கொண்டு முதல் பெட்டியை நோக்கி நடந்தார்.